மழலையின் சிற்றில்

தாமிரபரணிக் கரையில் விளங்கும் திருவைகுண்டத்தில், 17ஆம் நூற்றாண்டில், சண்முகசிகாமணிக் கவிராயர் என்னும் சைவ அன்பர் வாழ்ந்து வந்தார். அவருடைய இல்லத்தரசியார் சிவகாமசுந்தரி அம்மையார். கவிராயர் வீடு என்றால் சொல்லுக்கும் பாட்டுக்கும் பஞ்சம் இல்லாத வீடு. அத்தகைய வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பெற்றவர்கள் பட்ட துயரத்தைச் சொல்லவும் வேண்டுமோ? பிள்ளையைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றனர். செந்திலாண்டவன் சந்நிதியில் விரதம் பூண்டு, அவனே கதியென்று கிடந்தனர். பெருமான் திருவருளால் பிள்ளைக்குப் பேச்சு வந்தது. வந்த பேச்சும் பாட்டாகவே வந்தது. 'கந்தர் கலிவெண்பா' அவ்வாறு பிறந்தது என்பர் பெரியோர். அப்பிள்ளையே பின்னாளில் தருமபுரம் ஆதீனத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாக அடைந்த குமரகுருபர சுவாமிகள்.

இன்றும் திருச்செந்தூர்க் கடற்கரையில் இக்காட்சியைக் காணலாம். பன்னீர் இலையில் பெற்ற விபூதியை இரண்டு வயதுப் பிள்ளையின் நெற்றியில் தாய் இடுவாள். அருகில் பாட்டனாரும் பாட்டியும் கைகூப்பி நிற்பர். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத வேண்டுதல் ஒன்றுதான்: "முருகா, எங்கள் பேரன் பேச வேண்டும்."

குமரகுருபரர் வரலாற்றில் ஓர் அருமை உண்டு. ஐந்து வயது வரை பேசாதிருந்த அவரே, பிள்ளைகளை நோக்கிப் பேசும் நூல்களைத் தமிழுக்குத் தந்தார். மதுரை அங்கயற்கண்ணியின்மீது மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும், புள்ளிருக்குவேளூர் முருகன்மீது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் அவர் பாடியவை. பிள்ளைத்தமிழ் என்பது யாது? இன்னும் பேசத் தெரியாத பிள்ளையிடம் பெரியவர் ஓயாமல் பேசும் பேச்சு. அந்நூல் முழுவதும் பிள்ளை மறுமொழி சொல்வதில்லை; கேட்டுக்கொண்டே வளர்கிறது. பேச்சு நாவில் பிறப்பதற்கு முன் செவியில் பிறக்கிறது என்னும் உண்மை அந்நூலின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

கேள்வியே முதல் வரம்

நாரத முனிவர் உபதேசித்ததைப் பிரகலாதன் தாயின் வயிற்றில் இருந்தபடியே கேட்டான் என்று புராணம் கூறும். கருவில் உள்ள குழந்தை கடைசி மூன்று மாதங்களில் தாயின் குரலைக் கேட்கிறது என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது. பிறந்த சில நாட்களிலேயே, தாயின் குரலை வேறொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிந்து, அதனையே விரும்பிக் கேட்கிறது குழந்தை.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் இந்நோக்கில் பார்த்தால், நம் முன்னோர் குழந்தையை எவ்வளவு கூர்ந்து கவனித்தனர் என்பது புலனாகும். காப்பு முடிந்து செங்கீரை வரும். ஐந்தாம் மாத அளவில் குழந்தை ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம் அது. பொருளற்ற ஒலிகளைக் குழந்தை தனக்குத்தானே எழுப்பி மகிழத் தொடங்குவதும் அக்காலத்தை ஒட்டியே. அடுத்தது தால். தால் என்றால் நா. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு ஆயிற்று. ஒன்பதாம் மாத அளவில் சப்பாணி, கைகொட்டும் பருவம். கைகொட்டுதல், கையசைத்து விடைகொடுத்தல், விரலால் சுட்டிக் காட்டுதல் ஆகிய இவை வெறும் விளையாட்டு அல்ல. வாய்ச்சொல்லுக்கு முன்னே வரும் கைச்சொற்கள் இவை. பின்னர் முத்தம், அதன்பின் தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வாரானை. ஏறக்குறைய ஓராண்டு நிறைவில் முதல் அடியும் முதல் சொல்லும் அடுத்தடுத்து வருவதை வீடுகள் தோறும் காண்கிறோம்.

அம்புலிப் பருவம் இன்னும் சுவையானது. குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவை அழைப்பது அது. சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் புலவர் நிலவை அழைப்பார். இனிமையாகச் சொல்வார், வேற்றுமை காட்டுவார், பரிசு தருவதாகக் கூறுவார், இறுதியில் அச்சுறுத்தவும் செய்வார். புலவர்களுக்கு அம்புலி புலி என்று சொல்லும் அளவுக்கு அது பாடுதற்கு அரிய பருவம். ஆனால் சோற்றுக் கிண்ணத்துடன் முற்றத்தில் நிற்கும் பாட்டிக்கு அது எளிது. "நிலா நிலா, எங்க ராசாத்திக்கு ஒரு வாய் குடுக்க வாயேன்" என்று அவர் தொடங்கும்போதே, இல்லாத ஒன்றை இருப்பதாக எண்ணிப் பேசும் கற்பனை குழந்தைக்குள் நுழைந்துவிடுகிறது.

மறுமொழி என்னும் நீர்

கேட்பது விதை என்றால், மறுமொழி பெறுவது அதற்கு வார்க்கும் நீர். ஒரு வயதுக் குழந்தை காக்கையைக் கண்டு "கா" என்கிறது. "ஆமாம், காக்கா! காக்கா பறந்து போகுது பார்" என்று பாட்டி சொல்கிறார். குழந்தை தந்த ஓர் ஒலியை எடுத்து, அதனோடு இரண்டு சொற்களைச் சேர்த்துத் திருப்பித் தந்துவிட்டார். மறுநாள் "காக்கா போ" என்று குழந்தை சொன்னால், "காக்கா கூட்டுக்குப் போகுது" என்று அது இன்னும் ஒரு படி உயரும். கற்பிக்கிறோம் என்னும் எண்ணமே இல்லாமல் நம் பாட்டியர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பணி இது. இரண்டு வயது நிறையும்போது இரண்டு சொற்களைச் சேர்க்கும் பிள்ளை, நான்கு வயதுக்குள் கதை சொல்லத் தொடங்கிவிடும்.

மதுரையில் நிகழ்வது போன்ற ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பார்க்கலாம். மீனாட்சியம்மன் திருக்கோயிலில் முக்குறுணிப் பிள்ளையார் சந்நிதி. வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்த திருமேனி அது என்பர். விநாயக சதுர்த்தி அன்று அவருக்கு முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படி அரிசியில், ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பது வழக்கம். நான்கு வயதுப் பேரனின் கையைப் பிடித்தபடி ஓர் அப்பத்தா இதனைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

"அம்புட்டுப் பெரிய கொழுக்கட்டையப் பிள்ளையார் ஒரே வாயிலயா திம்பாரு, அப்பத்தா?" என்று கேட்கிறான் பேரன்.

"நீயே சொல்லுப்பா, எப்படித் திம்பாரு?" என்கிறார் அப்பத்தா.

பேரன் பிள்ளையாரை ஏற இறங்கப் பார்க்கிறான். "எலிக்குப் பாதி குடுத்துருவாரு. மிச்சத்த மீனாட்சி கையில இருக்குற கிளிக்குக் குடுப்பாரு. கிளி கொத்திக் கொத்தித் திங்கும்."

"அப்போ பிள்ளையாருக்கு?"

"அவரு வீட்ல சாப்பிட்டு வந்துட்டாரு!"

அப்பத்தா சிரிக்கிறார். பின்னால் வந்தவர்களும் சிரிக்கின்றனர். அவர் அப்பிள்ளையின் சொல்லில் பிழை பார்க்கவில்லை. "சாமியை அப்படிச் சொல்லக் கூடாது" என்று வாயடைக்கவும் இல்லை. ஒரு கேள்விக்கு மறுகேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தச் சிறு இடைவெளியில் ஒரு கதை பிறந்தது. எலி, கிளி, அம்மன், பிள்ளையார் என்று தான் கண்டவற்றை எல்லாம் அப்பிள்ளை தன் விருப்பப்படி கோத்துவிட்டான். மொழியும் கற்பனையும் அவனிடம் ஒருங்கே வளர்ந்த தருணம் அது.

அதே சந்நிதியில் அதே கேள்விக்கு, "தொணதொணக்காம வா, கூட்டம் நெருக்குது" என்னும் மறுமொழியும் கேட்பதுண்டு. சொல்பவர் கொடியவர் அல்லர். கால்வலியோடு நடப்பவராக இருக்கலாம். ஆயினும் அப்பிள்ளையின் கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

சிற்றில் சிதையாதிருக்க

ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் உண்டு. சிறுமியர் தெருமணலில் சிறு வீடு கட்டி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை ஓடிவந்து அதனைக் காலால் அழிக்க முற்படுவான். அழிக்க வேண்டாம் என்று அச்சிறுமியர் வேண்டுவர். மணல் வீடுதானே என்று நாம் எண்ணலாம். கட்டியவர்களுக்கு அது மாளிகை. அதற்கு வாயில் உண்டு, அடுக்களை உண்டு, மணற்சோறும் உண்டு.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளையின் பேச்சு அத்தகைய சிற்றில்தான். பிறையைக் கண்டு, "நிலாவ யாரோ கடிச்சுட்டாங்க" என்று ஒரு குழந்தை சொல்லலாம். விளக்குமாற்றைக் குதிரையாக்கிச் சவாரி செய்யலாம். தலையணையைப் பல்லக்காக்கிப் பொம்மையை உலா கொண்டு செல்லலாம். ஒரு பொருளை மற்றொன்றாகக் காணும் இந்த ஆற்றலே பின்னாளில் எழுத்தைப் படிப்பதற்கும், எண்ணைக் கூட்டுவதற்கும், உவமையை உணர்வதற்கும் அடிப்படை. கோடுகளால் ஆன ஒரு வடிவம் 'அ' என்னும் ஒலியைக் குறிக்கும் என்று ஏற்பதற்கும், விளக்குமாறு குதிரையைக் குறிக்கும் என்று ஏற்கும் அதே மனம் அல்லவா வேண்டும்? விஜயதசமியன்று பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கும் முன்னரே, சரஸ்வதி தேவி விளையாட்டு வடிவில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

அச்சிற்றிலைப் பெரியவர்கள் அறியாமலே மிதித்துவிடும் வழிகள் சில உண்டு. முதலாவது, உச்சரிப்பைக் கண்டிப்பது. ழகரமும் றகரமும் பிள்ளைகளின் நாவுக்குக் கடைசியில் வசப்படும் ஒலிகளில் சேர்ந்தவை. "வாயப்பயம்" என்று சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையை நிறுத்தி, பத்து முறை திருத்திச் சொல்ல வைத்தால் அது பழத்தையே கேட்காமல் போய்விடும். "வாழைப்பழம் வேணுமா? இந்தா, வாழைப்பழம்" என்று சரியான ஒலியை மறுமொழியில் வைத்துக் கொடுத்தால் போதும். செவி தானே நாவைத் திருத்தும்.

இரண்டாவது, விருந்தினர் முன் நிறுத்தி ஒப்பிக்கச் செய்வது. பிள்ளைகளுக்குச் சுலோகமும் திருப்புகழும் ஆத்திசூடியும் கற்பிப்பது மிக நன்று. ஓசைநயம் செவியைப் பண்படுத்தும், நினைவாற்றல் பெருகும். ஆனால் மனப்பாடம் செய்த பாட்டு பிறர் கட்டித் தந்த கோபுரம். பிள்ளையின் சொந்தப் பேச்சு அது கட்டிய மணல் வீடு. கோபுரத்தைக் காட்டுவதற்காக மணல் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டைச் சொல்லி முடித்ததும், "அந்தப் பாட்டுல வர்ற மயில் இப்ப எங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து வளரும்.

மூன்றாவது, கைப்பேசி. அழும் பிள்ளைக்குக் கைப்பேசியைக் கொடுத்தால் அழுகை நிற்கிறது. பேச்சும் அதனோடு நின்றுவிடுகிறது. திரையில் தோன்றும் யானை ஓயாமல் பேசும். ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்டு அதற்கு மறுமொழி சொல்லாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும், அதினும் குறைவது நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அயல்நாட்டிலுள்ள பேத்தியின் முகத்தைத் திரையில் கண்டு பேசும் பாட்டனார் இதற்காக வருந்த வேண்டியதில்லை. அங்கே மறுமுனையில் மறுமொழி சொல்ல ஒருவர் இருக்கிறார். பாதிக் கதையைச் சொல்லி நிறுத்தி, "மிச்சத்த நீ நாளைக்கு எனக்குச் சொல்லணும்" என்று விட்டுவிட்டால், கடல் கடந்தும் அக்கதை வளரும்.

இரு மொழியும் ஒரு நாவும்

இன்று பல வீடுகளில் பெரியவர்கள் பேரப்பிள்ளைகள் முன் பேசவே தயங்குகின்றனர். "பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், நாம் வட்டார வழக்கில் பேசினால் பிள்ளை குழம்பிவிடும்" என்னும் அச்சம் அவர்களுக்கு. மருமகள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அல்லது தாமாகவே ஒதுங்கியிருக்கலாம். வீட்டில் மிகுதியாகப் பேசக் கூடியவரும், மிகுதியான பொழுது உடையவரும் வாய்மூடி இருப்பது பிள்ளைக்குப் பேரிழப்பு.

இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பிள்ளையின் பேச்சு தடைப்படுவதில்லை. ஒரே வாக்கியத்தில் இரு மொழிச் சொற்களும் கலந்து வருவது இயல்பே; நாளடைவில் எவரிடம் எம்மொழி என்று பிள்ளை பிரித்துக்கொள்ளும். தாய்மொழியில் கதை சொல்லப் பழகிய பிள்ளை, கதைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு என்னும் அறிவை மற்ற மொழிக்கும் கொண்டு செல்லும். இதற்கும் குமரகுருபரரே சான்று. காசியில் மடம் அமைக்க விழைந்த அவர், அங்கு ஆட்சி புரிந்தவரிடம் இந்துஸ்தானி மொழியில் உரையாட வேண்டியிருந்தது. கலைமகளை வேண்டிச் 'சகலகலாவல்லி மாலை' பாடி அம்மொழி கைவரப் பெற்றார் என்பது வரலாறு. ஐந்து வயது வரை ஒரு மொழியும் பேசாத நா, தமிழில் ஊறிய பின் வடநாட்டு மொழியையும் ஏற்றது.

நேர்த்தியும் சோதனையும்

இனிச் சொல்ல வேண்டியது முக்கியமானது. "நம்ம வீட்டு ஆம்பளப் பிள்ளைங்க எல்லாம் நாலு வயசுலதான் பேசும்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு வீட்டில் மிகுந்த மதிப்பு உண்டு. இளம் பெற்றோர் அதனை நம்பிக் காத்திருப்பர். சில பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கினாலும் பின்னர் எல்லாருக்கும் சமமாகப் பேசிவிடுவது உண்மையே. ஆனால் காது கேளாத பிள்ளையும் தொடக்கத்தில் அவ்வாறே தோன்றும். கதவு சாத்தும் அதிர்வை உடலால் உணர்ந்தும், நிழலசைவைக் கண்டும் அது திரும்பிப் பார்க்கும். வீட்டார் காது கேட்கிறது என்று எண்ணிவிடுவர். மூளை மொழியை விரைந்து பற்றும் முதல் மூன்று ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிடும்.

ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, எதையும் விரலால் சுட்டிக் காட்டாமை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வாராமை, இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்களைச் சேர்க்காமை, வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் குழந்தை மருத்துவரைக் காண வேண்டும். செவித்திறன் சோதனை பிள்ளைக்கு வலி தருவதன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கின்றனர். குறை கண்டால் காது கேட்கும் கருவி உண்டு. பேச்சுப் பயிற்சி உண்டு. காக்ளியர் இம்ப்ளான்ட் எனப்படும் உட்செவிக் கருவியைப் பொருத்தும் சிகிச்சைக்குத் தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு. இவை யாவும் எவ்வளவு இளவயதில் தொடங்குகின்றனவோ அவ்வளவு பயன் தரும்.

செந்திலாண்டவனிடம் வேண்டிக்கொள்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. கவிராயர் தம் பிள்ளை தானே பேசும் என்று திருவைகுண்டத்திலேயே இருந்துவிடவில்லை. அக்காலத்தில் தமக்குத் தெரிந்த கதியை நாடி எழுந்து நடந்தார். இன்று நாட வேண்டிய வாயில் இரண்டு. "தாமதமா பேசினா என்ன" என்று சொல்லும் அதே பெரியவர், "ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டால், அச்சொல்லே அப்பிள்ளைக்கு வரமாகும்.

மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறிய நாளைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகிறது. திருமலை நாயக்கர் வீற்றிருக்க, குமரகுருபரர் பாடிப் பொருள் விரித்துக்கொண்டிருந்தார். அப்போது அர்ச்சகரின் சிறுமி வடிவில் அங்கயற்கண்ணி வந்தாள். மன்னர் மடியில் அமர்ந்து கேட்டாள். மன்னர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குச் சூட்டி மறைந்தாள். உலகத்துக்கே அன்னையானவள், தன்னை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்களைக் கேட்கச் சிறு குழந்தையாக வந்து மடியில் அமர்ந்தாள்.

இன்று மாலை விளக்கேற்றிய பின் பேரனோ பேத்தியோ மடியில் வந்து அமரக்கூடும். கதையின் முதல் பாதியைச் சொல்லிவிட்டுச் சற்றே காத்திருப்பது பெரியோர் கடமை. மறுபாதி அச்சிறு வாயிலிருந்து வரும்.